நாமும் நாங்களும்: தேர்ப்பாதையும் சிறுநகரத் திட்டமிடலும்

1

எங்கள் ஊர்த் தேரடிக்கு எதிரே இருக்கும் டீக்கடையின் பக்கச் சுவர் ஊருக்குப் பொதுவான நாளிதழ் மாதிரி. கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, கட்சிக் கூட்டம், கோச்சிங் சென்டர் என்று ஒன்றின் மேல் ஒன்று ஒட்டப்பட்டு, கிழிக்கப்பட்டு, மறுபடி ஒட்டப்படும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனியில் அந்தச் சுவரில் இரண்டு அறிவிப்புகள் அருகருகே இருந்தன. ஒன்று தேர்த் திருவிழா அழைப்பு. மஞ்சள் தாளில் கீழிருந்து மேல்வரை பெயர்களாக அடைத்து அச்சிட்டது. மற்றது நகராட்சியின் பகுதி சபைக் கூட்ட அறிவிப்பு. வெள்ளைத் தாளில் எட்டு வரி, ஜெராக்ஸ்.

டீ குடித்தபடி இரண்டையும் படித்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வேறென்ன வேலை! திருவிழா அழைப்பில் யார் எங்கே நிற்பது என்பது துல்லியமாக எழுதப்பட்டிருந்தது. முதல் நாள் மண்டகப்படி இன்ன வகையறா, மூன்றாம் நாள் இன்ன வியாபாரிகள், ஐந்தாம் நாள் இன்ன தெருவார். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நாள், ஒரு வாகனம், சுவாமி நின்று போகும் ஒரு முக்கு. மேலுக்கு அது நிகழ்ச்சி நிரல். உள்ளே இருப்பது ஊரின் சமூக வரைபடம். நகராட்சி அறிவிப்பிலோ ‘பொதுமக்கள்’ என்று ஒரே ஒரு சொல். பொதுமக்கள் திரளாக வந்து, தங்கள் கோரிக்கைகளைத் தெரிவித்துப் பயன்பெற வேண்டுமாம்.

முதலாவது நிலப்பிரபுத்துவப் பிரதி, இரண்டாவது ஜனநாயகப் பிரதி. முதலாவது படிநிலையைப் பேசுகிறது, இரண்டாவது சமத்துவத்தைப் பேசுகிறது என்று வாசித்துவிட்டு டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போய்விடலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் வாசித்தேன். ஆனால் நான் இந்த இரண்டுக்கும் வெளியே நிற்கிற வாசகன் இல்லை. விழாக் குழுவில் எனக்கு ஓர் இடம் உண்டு. தலைக்கட்டு வரி கட்டுகிறவன், கணக்கு எழுதத் தெரிந்தவன் என்ற தகுதியில். அந்தப் பகுதி சபைக்கும் போனேன். அங்கே பேசவும் செய்தேன். இரண்டு இடங்களிலும் எனக்கு நாற்காலி கிடைத்தது. அந்த நாற்காலியைச் சந்தேகிக்காமல் இந்தப் பிரதிகளை வாசிக்க முடியாது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

2

திட்டமிடல் பற்றிய சொல்லாடலில் இன்று அதிகம் புழங்கும் சொல் ‘பங்கேற்பு’. இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பங்கு என்பது தமிழில் லேசான சொல் அல்ல. பங்கு உள்ளவன் பங்காளி. சொத்தில் உரிமை உள்ளவன், அதனாலேயே சண்டை போடுகிறவன். வாய்க்கால் தண்ணீரிலும் கோயில் மரியாதையிலும் இழவு வீட்டிலும் அவன் பங்கைக் கேட்பான். அந்தப் பங்கோடு ‘ஏற்பு’ சேர்ந்தவுடன் சொல் குனிந்துவிடுகிறது. ஏற்றல் என்பதற்கு இரத்தல் என்ற பொருளும் உண்டு. பங்காளி கேட்கிறான், பங்கேற்பாளர் பெற்றுக்கொள்கிறார். பகுதி சபைக்கு நாம் எந்த வடிவத்தில் அழைக்கப்படுகிறோம் என்பது இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

1969இல் ஷெரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கத் திட்டமிடல் அறிஞர் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். அடிப்படியில் மக்களைக் கையாளுதல். அடுத்து அவர்களையே நோயாளிகளாக்கிச் சிகிச்சை தருதல். அதற்கு மேல் தகவல் சொல்லுதல், கருத்துக் கேட்டல், சமாதானப்படுத்துதல். பிறகுதான் கூட்டுப்பொறுப்பு, ஒப்படைக்கப்பட்ட அதிகாரம், குடிமக்கள் கட்டுப்பாடு. கருத்துக் கேட்பதும் அதிகாரத்தைப் பகிர்வதும் ஒன்றல்ல என்பதுதான் அவருடைய வாதத்தின் முதுகெலும்பு. அந்தக் கட்டுரையில் பிரெஞ்சு மாணவர்களின் சுவரொட்டி ஒன்றையும் அவர் சேர்த்திருந்தார். பள்ளிக்கூட வாய்பாடு மாதிரி, பங்கேற்பது என்ற வினை தன்மை, முன்னிலை, படர்க்கை என்று ஒவ்வோர் இடமாகத் திரிந்துகொண்டே போகும். கடைசிப் படர்க்கைப் பன்மையில் மட்டும் வினை மாறிவிடும்: அங்கே இருப்பவர்கள் ஆதாயம் அடைகிறார்கள்.

நல்ல கிண்டல்தான். ஆனால் அந்த வாய்பாட்டைத் தமிழில் எழுதப் போனால் தன்மைப் பன்மையிலேயே இடறும். பிரெஞ்சில் ஒரே ஒரு ‘நாம்’. தமிழில் இரண்டு: நாம், நாங்கள். நன்னூலார் இதை விகுதியில் வைத்தே பிரித்தார். அம், ஆம் ஆகியவை எதிரே நிற்கிற முன்னிலையாரைச் சேர்த்துக்கொள்ளும். எம், ஏம், ஓம் ஆகியவை படர்க்கையாரைச் சேர்த்துக்கொள்ளும். இன்றைய பேச்சில் வினை முழுக்க ‘ஓம்’ ஆகிவிட்டது. வேறுபாடு பெயர்ச்சொல்லில்தான் மிச்சம் இருக்கிறது. ‘நாம செய்வோம்’ என்றால் கேட்கிறவரும் உள்ளே. ‘நாங்க செய்வோம்’ என்றால் கேட்கிறவர் வெளியே.

ஆகவே ஒரு சிறுநகரம் எப்படித் திட்டமிடப்படுகிறது என்று அறிய, யார் அழைக்கப்பட்டார்கள் என்று மட்டும் கேட்டால் போதாது. வந்தவர்களிடம் எந்தப் பன்மையில் பேசினார்கள் என்று கேட்க வேண்டும். திருவிழாவின் மொழி ‘நம்ம தேர்’. நகராட்சியின் மொழி ‘நாங்க பண்ணித் தர்றோம்’. முதலாவதன் ‘நம்ம’வுக்குள் யார் இல்லை? இரண்டாவதன் ‘நாங்க’வுக்கு எதிரே நிற்க யாருக்கு அனுமதி உண்டு?

3

கூட்டத்துக்குள் போகுமுன், அதைச் சாத்தியமாக்கிய சட்டப் பிரதியைப் பார்த்துவிடலாம். அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில வாரங்கள் முன் வந்த 73ஆம் திருத்தம் கிராமத்துக்குக் கிராம சபை என்பதைப் பெயர் சொல்லி எழுதியது. நகரத்துக்கு அப்படி ஒரு சபை எழுதப்படவில்லை. அதற்குப் பதிலாக வார்டு குழு. அதுவும் மக்கள்தொகை மூன்று லட்சமோ அதற்கு மேலோ இருந்தால்தான் கட்டாயம். கிராமத்தில் மக்கள் கூடலாம், பெருநகரத்தில் வார்டு குழு கூடும். இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற எங்கள் ஊர் மாதிரியான சிறுநகரம் இந்தப் பிரதியின் மௌனத்தில் விழுந்துவிட்டது. கிராமம் இல்லை என்பதால் சபை இல்லை. நகரமாகப் போதவில்லை என்பதால் குழு இல்லை.

அந்தத் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகள் உண்டு. மூன்றாவது, பொருளாதார சமூக மேம்பாட்டுக்கான திட்டமிடல். ஆறாவது, பொதுச் சுகாதாரமும் துப்புரவும் கழிவு மேலாண்மையும். பதின்மூன்றாவது, பண்பாட்டையும் கல்வியையும் அழகியலையும் வளர்த்தல். பட்டியல் என்பது அப்பாவியான வடிவம் அல்ல. அது பொருள்களைச் சேர்ப்பதுபோலக் காட்டித் தனித்தனி அறைகளில் பூட்டுகிறது. திட்டமிடல் ஓர் அறை, சாக்கடை ஓர் அறை, திருவிழா ஓர் அறை. ஊரில் இம்மூன்றும் ஒரே வீதியில் ஒரே நாளில் நடக்கின்றன.

தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவுன்சிலர் என்று ஒருவரைக்கூடக் கேட்க முடியாத நிலை. பிறகு, 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்தப்பட்டன. பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க மாட்டேன். முப்பது ஆண்டு மௌனத்தில் ஒரு கீறல் அது. ஆனால் கீறலுக்குள் பணம் எங்கே என்றும் பார்க்க வேண்டும். 1996இல் கேரளம் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவு செய்தது. அதன் பிறகுதான் ஜனங்களைக் கூட்டி, என்ன செய்யலாம் என்று கேட்டது. கையில் பணம் இருக்கும் கூட்டத்தில் பேச்சு திட்டமாகும். பணம் இல்லாத கூட்டத்தில் பேச்சு மனுவாகும்.

4

எங்கள் வார்டின் கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. நாற்பது பேர் இருக்கலாம். முன்வரிசையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கடைக்காரர்கள், குடியிருப்போர் நலச் சங்கத்தார், நான். பின்னால், வராந்தாவை ஒட்டி, குழுக் கடனுக்கான கூட்டம் என்று நினைத்து வந்த சில பெண்கள். கடைசியாக, வாசற்படியில், துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வந்த மூன்று பேர்.

என் முறை வந்தபோது, நூலகக் கட்டடம் ஒழுகுவதைச் சொன்னேன். “சொல்லுங்க சார்” என்றார் அதிகாரி. சொன்னேன். “நல்ல கருத்து சார்” என்றார். தீர்மானமாக எழுதினார்கள். எண் மூன்று. எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. இதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

வாசற்படியில் இருந்த அம்மாள் எழுந்தார். ஐம்பது வயது இருக்கும். அவர் சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன்:

“தேரு திரும்புற மூலையில சாக்கடைக்கு மேல சிமெண்டு போட்டு மூடிட்டாங்கய்யா. உள்ள அடைச்சிருக்கு. மழை வந்தா தண்ணி எங்க பக்கந்தான் வருது. போன வருசம் தேருக்கு முந்தின நாளு அத ஒடச்சித்தான் அள்ளுனோம். அப்பறம் திரும்பவும் மூடிட்டாங்க. ஒரு மூடி வச்சித் திறக்குற மாதிரி போட்டாப் போதும்.”

கவனியுங்கள். இதில் கோரிக்கை ஒரு வாக்கியம்தான். மிச்சமெல்லாம் அறிவு. எங்கே அடைப்பு, எதனால் அடைப்பு, தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது, போன வருசம் என்ன செய்யப்பட்டது, குறைந்த செலவில் என்ன செய்யலாம். ஒரு பொறியாளர் எழுதவேண்டிய அறிக்கை ஐந்தாறு வாக்கியத்தில் வந்துவிட்டது. அந்த அறையில் அன்று பேசப்பட்டதில் சமூகத் திட்டமிடல் என்ற பெயருக்குத் தகுதியான பேச்சு அது ஒன்றுதான். என் நூலகப் பேச்சு அல்ல.

அதிகாரியின் பதில்: “ஏம்மா, நீ ஸ்டாஃபு. இது பொதுமக்கள் கூட்டம். உங்க பிரச்சனைய ஆபீஸ்ல வந்து சொல்லு.”

எனக்குக் கிடைத்த ‘சார்’, அவருக்குக் கிடைத்த ‘ஏம்மா’, ‘நீ’ ஆகியவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல விரும்புவது ‘ஸ்டாஃப்’ என்ற சொல்லைப் பற்றி. அந்த அம்மாள் ஒப்பந்தத் தொழிலாளி. சம்பள உயர்வு கேட்டால், ‘நீங்க காண்ட்ராக்ட், நகராட்சிக்குச் சம்பந்தம் இல்ல’ என்பார்கள். ஊர்க் காரியம் பேச வந்தால், ‘நீ ஸ்டாஃப், பொதுமக்கள் இல்ல’ என்கிறார்கள். ஒரே உடல், ஒரு வாசலில் உள்ளாள் அல்ல, மறு வாசலில் வெளியாள் அல்ல. அவர் அந்த வார்டின் வாக்காளர் என்ற உண்மை இரண்டு வாசலிலும் செல்லுபடியாகவில்லை. இந்த வேலை எந்தச் சாதிகளின் தலையில் வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது என்பது தெரிந்ததுதான். ‘துப்புரவு’ என்ற சொல் அரசு ஆவணங்களில் ‘தூய்மை’ ஆகிவிட்டது. குறிப்பான் மாறியிருக்கிறது. வாசற்படி மாறவில்லை.

பார்த்தா சாட்டர்ஜி 2004இல் வெளிவந்த நூலில் உரிமை உள்ள குடிமக்களின் சமூகத்தையும், அரசால் நிர்வகிக்கப்படும் மக்கள்தொகையினரின் அரசியல் சமூகத்தையும் பிரித்துப் பேசினார். பின்னவர்கள் உரிமையால் அல்ல, பேரத்தால் வாழ்வை நகர்த்துகிறார்கள் என்பது அவர் வாதம். எங்கள் பள்ளிக்கூட அறையில் முன்வரிசை குடிமைச் சமூகம், வராந்தா அரசியல் சமூகம் என்று பொருத்திப் பார்க்கலாம். ஆனால் வாசற்படி? பேரம் பேசக்கூட அங்கே நிற்பவருக்கு அனுமதி இல்லை. ஏனென்றால் நகரத்தை நிர்வகிக்கும் கருவியாகவே அவர் எண்ணப்படுகிறார். கருவி பேசுவதில்லை.

கூட்டக் குறிப்பைப் பிறகு பார்த்தேன். நூலகம் தீர்மானம் மூன்று. தெருவிளக்கு ஐந்து. அந்த அம்மாள் பேசியதற்கு எண் இல்லை. சொல்லவே படாததுபோல் ஒரு வெள்ளை இடம்கூட இல்லை.

5

இப்போது மஞ்சள் தாளுக்கு வருவோம். திருவிழாவைப் பண்பாடு என்ற அறையில் பூட்டிவிட்டால் ஒரு விஷயம் கண்ணில் படாமல் போகும். எங்கள் மாதிரியான கோயில் ஊர்களில் மிகப் பழைய நகரத் திட்டம் தேர்த் திருவிழாதான். நான்கு தேர் வீதிகள் ஏன் இன்னும் அகலமாக இருக்கின்றன? தேரின் அகலமும் அது திரும்பும் வளைவும் அப்படி. மற்ற தெருக்களில் திண்ணை படியாகி, படி கடையாகி வீதியைத் தின்றுவிட்டது. தேர் வீதியில் மட்டும் ஆண்டுக்கொருமுறை ஒரு மரக் கோபுரம் வந்து அளந்துவிட்டுப் போகிறது. திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது நகராட்சி விழித்துக்கொள்ளும். குழி மூடப்படும், வடிகால் அள்ளப்படும், மின்வாரியத்து ஆட்கள் குறுக்குக் கம்பிகளைக் கழற்றுவார்கள், தற்காலிகக் கழிப்பறை வரும். பதினோராம் நாள் எல்லாம் பழையபடி. இந்தப் பத்து நாளும் நடப்பது திட்டமிடல் இல்லை என்று எந்தக் கோட்பாட்டாளர் சொல்ல முடியும்?

இரண்டையும் பிரித்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் இருக்கிறது. 2022 ஏப்ரல் 27 அதிகாலை அங்கே அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டுப் பதினொரு பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. சாலை புதிதாகப் போடப்பட்டு மட்டம் உயர்ந்திருந்தது என்பது அடுத்தடுத்த நாட்களின் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தது. சாலையின் உயரம் ஒரு துறை, கம்பியின் உயரம் ஒரு துறை, தேரின் உயரம் ஊராருடையது. மூன்று உயரங்களையும் ஒரே தாளில் எழுத ஓர் இடம் இல்லை. அட்டவணையின் அறைகளுக்கு நடுவில் இருக்கும் சுவர் எவ்வளவு கனமானது என்பது இப்படித்தான் தெரியவருகிறது.

ஆனால் திருவிழாவைத் திட்டம் என்று சொன்னதால் அதைப் புகழ்ந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். பழைய ஊர்க்கூட்டத்தில் சமத்துவம் கண்டு கண்கலங்கும் எழுத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. திட்டம் என்றால் யாரை வெளியே வைப்பது என்ற முடிவும் அதற்குள் உண்டு. எங்கள் விழாக் குழு தலைக்கட்டு வரி வசூலிக்கிறது. துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் வசூலிப்பதில்லை. ‘பாவம், கஷ்டப்படுறவங்க’ என்று காரணம் சொல்வார்கள். வரி கட்டியவன் ஊர்க்காரன், ஊர்க்காரனுக்கு மரியாதை உண்டு, மரியாதை உள்ளவனுக்குச் சண்டை போட உரிமை உண்டு. வரி வாங்காதது இரக்கம் அல்ல, பங்கு மறுப்பு. இந்தப் பக்கம் நகராட்சியில், அந்தக் குடியிருப்பின் வீடுகள் நகராட்சிக்குச் சொந்தமானவை என்பதால் அவர்கள் பெயரில் சொத்து வரி ரசீது கிடையாது. பகுதி சபையில் பேச எழுந்தவர்களிடம், ‘வரி கட்டியாச்சா?’ என்று கவுன்சிலரின் ஆள் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டப்படி அந்தக் கேள்விக்கு அங்கே இடமில்லை. ஆனாலும் எல்லோரும் பதில் சொன்னார்கள். மஞ்சள் தாளும் வெள்ளைத் தாளும் பகைவர்கள் அல்ல. ரசீது இல்லாதவரைக் காணாமல் செய்வதில் இரண்டுக்கும் ஒரே இலக்கணம்.

6

இங்கே ஒரு ஸ்காட்லாந்துக்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. பாட்ரிக் கெடஸ், தாவரவியலிலிருந்து நகரவியலுக்கு வந்தவர், 1914இல் இந்தியா வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. சென்னையில் குண்டுபோட்டு நம் பேச்சில் ஒரு வசைச்சொல்லாக நிலைத்துவிட்ட அதே எம்டன். மறுபடி பொருள் சேர்த்து 1915இல் சென்னையில் கண்காட்சி வைத்தார். மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட ஊர்களைச் சுற்றி அறிக்கை எழுதினார். சந்துகளை இடித்து நேர்கோட்டுச் சாலை போடும் பொறியாளர் மனோபாவத்தை எதிர்த்து, வேண்டிய இடத்தில் மட்டும் கத்தி வைக்கும் காப்பு அறுவையை முன்மொழிந்தார். முதலில் ஊரை நடந்து பார், பிறகு வரை என்பது அவர் முறை.

அவர் செய்ததில் எனக்கு முக்கியமானது 1917இல் இந்தூரில் நடந்தது. ஊரில் பிளேக். சுத்தம் பற்றிப் பிரசங்கம் செய்து பயனில்லை என்று கண்டு, ஒரு நாள் மன்னராக இருக்க சமஸ்தானத்திடம் அனுமதி கேட்டார். தீபாவளி ஊர்வலம் ஒன்றை அறிவித்தார். ஊர்வலங்களுக்கு வழக்கமாக இருந்த பாதைகளை விட்டார். எந்தத் தெரு அதிகமாக வீடுகளைச் சுத்தம் செய்து பழுதுபார்க்கிறதோ அதன் வழியாக ஊர்வலம் போகும் என்றார். தெருக்கள் போட்டி போட்டன. ஊர்வலத்தில் துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளாடை அணிந்து, கழுவி வண்ணம் பூசிய வண்டிகளோடு நடந்தார்கள். அழுக்கு ஓர் அரக்கனாக, பிளேக் ஒரு பெரிய எலியாக வந்து, கடைசியில் கொளுத்தப்பட்டன.

இதை எப்படி வாசிப்பது? கெடஸ் திருவிழாவைப் பிரசாரக் கருவியாக்கினார் என்று சிறுத்துவிடலாம். காலனிய நிபுணர் சுதேசிச் சடங்கைக் கையகப்படுத்தினார் என்றும் சொல்லலாம்; தவறில்லை. கடன் வாங்கிய மன்னர் அதிகாரம் இல்லாமல் அது நடந்திருக்காது. சுத்தம் செய்யாத தெருவின் வறுமையைக் கேட்காமல் அதன் சோம்பலைக் குறைசொல்லும் ஆபத்தும் அதில் உண்டு. வெள்ளாடை ஒரு நாளைக்குத்தான். மறுநாள் அதே வண்டி, அதே கூடை. இவ்வளவையும் சொன்ன பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. அவர் கைவைத்த இடம் பாதை. யார் வீதி வழியாக ஊர்வலம் போக வேண்டும் என்ற கேள்வி பரம்பரையிலிருந்து பிடுங்கப்பட்டு, செய்யப்பட்ட வேலைக்கு மாற்றப்பட்டது. ஒரு நகரத்தில் மிக அரசியலான கோடு எது என்பதை அந்த மனிதர் சரியாகவே பார்த்திருந்தார். அவருக்குப் பிறகு வந்த திட்டங்கள் சாலையை மட்டும் வரைந்தன. அதில் என்ன போகும், யார் முன்னால் போவார்கள், யார் பின்னால் கூட்டுவார்கள் என்பதை வரையவில்லை.

7

இந்தக் கட்டுரையின் முதல் வரைவைப் படித்த நண்பர் ஒருவர் சிரித்தார். “இதெல்லாம் அதிகாரம் தன்னப் புதுப்பிச்சிக்கிற வேலை. கூப்பிடுறான்னு போனியா? போனதே தப்பு” என்றார். ஃபூக்கோ படித்தவர். ஆட்சிமை என்பது குடிமக்களைத் தாங்களே தங்களை நிர்வகித்துக்கொள்ளச் செய்வது என்று விளக்கினார். விளக்கம் சரி. முடிவுதான் இடிக்கிறது. புறக்கணிப்பு, சாக்கடை ஒழுங்காக ஓடுகிற வீட்டிலிருந்து வரும் தத்துவம். அந்த அம்மாள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். அதிகாரத்தின் தந்திரம் அவருக்குத் தெரியாது என்று நாம் எண்ணினால், அதிகாரி செய்ததையே நாம் கொஞ்சம் நல்ல தமிழில் செய்கிறோம்.

வேறொரு நண்பர் தொண்டு நிறுவனத்தில் இருப்பவர். அந்தக் குடியிருப்பு மக்களுக்குக் கூட்டத்தில் எப்படிப் பேசுவது என்று பயிற்சி கொடுக்கலாம் என்றார். அவர் தெளிவாகத்தான் பேசினார், பயிற்சி கேட்டவர்களுக்குத்தான் வேண்டும் என்றேன். ஆர்ன்ஸ்டீன் ஏணியின் இரண்டாவது படி அதுதான்: அமைப்பின் நோயை மக்களின் நோயாக்கிச் சிகிச்சை தருவது.

அப்படியானால் என்ன செய்யலாம் என்று கேட்கலாம். என்னிடம் திட்டம் எதுவும் இல்லை. இரண்டு சின்னக் காரியங்களைச் செய்து பார்த்தேன். இரண்டிலும் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன்.

விழாக் குழுக் கூட்டத்தில், அந்தக் குடியிருப்பிலும் தலைக்கட்டு வரி வாங்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெரியவர், கோபமே இல்லாமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: “தம்பி, இன்னைக்கி வரி வாங்கினா நாளைக்கி மண்டகப்படி கேப்பாங்க.” அவ்வளவு நேர்மையான வாக்கியத்தை எந்தத் திட்ட அறிக்கையிலும் நான் படித்ததில்லை. வரிக்கும் உரிமைக்கும் உள்ள தொடர்பு அவருக்குத் தெரியும். நாங்கள் எல்லோரும் தெரியாததுபோல் இரக்கம் பேசிக்கொண்டிருந்தோம்.

இந்த இடத்தில் அந்த அம்மாளிடமே போய்க் கேட்டேன். தேர் உங்கள் பக்கம் வர வேண்டும் என்று கேட்கலாமா என்று. எனக்கு இந்தூர் கதை தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்னைக் கொஞ்சம் பார்த்தார். “தேரு வர்றது இருக்கட்டும் சார். தேரு அன்னைக்கி எங்களுக்கு லீவு உண்டா? நாங்க எந்த வருசம் தேரு பாத்தோம்? முன்னாடி கூட்டிக்கிட்டே போவோம், பின்னாடி அள்ளிக்கிட்டே வருவோம். மேல நிமிந்து பாக்க நேரம் ஏது?” என்றார்.

என் கோட்பாடு முழுக்கப் பாதையைப் பற்றியது. அவர் கேட்டது நேரத்தை. பாதையில் ஒவ்வொரு ஆண்டும் எல்லோருக்கும் முன்னால் போகிறவர்கள் அவர்கள்தான். அந்த வீதியின் ஒவ்வொரு மூடியும் பள்ளமும் அவர்களுக்குத் தெரியும். திருவிழா நடப்பதே அவர்கள் அதில் கலந்துகொள்ளாமல் வேலை செய்வதால்தான். ‘நம்ம தேர்’ என்ற உளப்பாட்டுப் பன்மை ஒருவரை வெளியே நிறுத்தவில்லை; உள்ளே வைத்து, குனிய வைத்திருக்கிறது. முறை வைத்து விடுமுறை, அன்றைக்கு இரட்டைச் சம்பளம், சாக்கடைக்குத் திறந்து மூடும் ஒரு மூடி. பெரிய பெயர் எதுவும் இல்லாத இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதினால், அட்டவணையின் மூன்றாவது, ஆறாவது, பதின்மூன்றாவது அறைகளுக்கு நடுவில் இருக்கும் சுவர் உடையும். சமூகத் திட்டமிடல் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள் இப்போதைக்கு இவ்வளவுதான்.

இரண்டாவது காரியம்: நகராட்சிக்குப் போய், கூட்டக் குறிப்பில் அந்த அம்மாள் பேசியதை அவர் சொன்னபடியே சேர்த்து ஓர் எண் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். எழுத்தர் நல்ல மனிதர். நாற்காலி போட்டார். படித்துப் பார்த்துவிட்டு, “இத மனுவா எடுத்துக்கவா சார்?” என்றார். மனு இல்லை, திருத்தம் என்றேன். “அடுத்த கூட்டத்துல வச்சிப் பாத்துக்குவோம் சார், நாம” என்றார்.

அந்த ‘நாம’வுக்குள் அந்த அம்மாளும் இருந்தாரா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. டீக்கடைச் சுவரை இப்போதும் தினம் பார்க்கிறேன். அடுத்த கூட்டத்துக்கான வெள்ளைத் தாள் இன்னும் ஒட்டப்படவில்லை.